கம்ப்யூட்டர் கேபினட் செய்வோர் சங்கம், மதுரை: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, இந்த வருடம் முதன்முறையாகக் கூட வந்திருக்கும் வீட்டாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவைக் கூட்டி, இப்படி ஓர் அறிக்கையை வாசித்தாக வேண்டும். போன வருடம் நான் வாசிக்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் வடை சாப்பிட வெளியே போய்விட்டார்கள். இந்த முறை வடை அறிக்கைக்குப் பிறகுதான் என்று தலைவர் மாற்றிவிட்டார். அவருக்கு நன்றி.

ஏப்ரலில் 31 பேராக இருந்தோம். ஆறு பேர் சேர்ந்தார்கள், மூன்று பேர் விலகினார்கள், இன்றைக்கு 34. விலகியவர்களில் இருவர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனவர்கள். கோபித்துக்கொண்டு போனவர் ஒருவர்தான். மாதம் ஒரு ஞாயிறு வீதம் பதினொரு கூட்டங்கள் நடந்தன. சித்திரைத் திருவிழா மாதத்தில் கூட்டம் வைக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் நாம் கூடுகிற சிம்மக்கல் மாடிக்கு ஸ்குரூ டிரைவரோடு ஏறி வருகிறவன் இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது.

வீட்டாருக்காக ஒரு விளக்கம். நீங்கள் 'சி.பி.யு.' என்று சொல்கிற பெட்டி சி.பி.யு. கிடையாது. சி.பி.யு. என்பது உள்ளே மதர்போர்டு என்கிற பெரிய சர்க்யூட் பலகையில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லு. பெட்டிக்குப் பெயர் கேபினட். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகச் சொன்னால் போகாமல் உங்கள் பிள்ளைகள் இங்கே வந்து வெட்டி, ராவி, பெயின்ட் அடிப்பது இந்தப் பெட்டியைத்தான். இன்டெல் நிறுவனம் 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டு 305-க்கு 244 மி.மீ., திருகு ஓட்டைகள் இன்னின்ன இடத்தில் என்று வகுத்த அந்தக் கணக்குதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதனால்தான் இருபது வருடத்துக்கு முந்தைய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்து, இன்றைய போர்டை அதில் பூட்ட முடிகிறது. நம் சங்கம் பிழைப்பதே அந்தப் புண்ணியத்தில்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். போன வருடம் முடித்த ஏழு பெட்டிகளில் ஐந்தில் மண்டை ஓடு அல்லது டிராகன். எல்லாம் ரேடியம் கடையில் ரெடியாகக் கிடைக்கிற ஸ்டிக்கர். ஆளுக்கொரு பெட்டி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஒரே பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். அதனால் ஜூன் கூட்டத்தில், இனிமேல் தீம் அவரவர் வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். நிறைவேறியது. ஒரே ஓர் எதிர்ப்பு ஓட்டு. அது யாருடையது என்பது பின்னால் வரும்.

அந்தத் தீர்மானத்துக்கு முதல் பலன் சுங்குடிப் பெட்டி. தெப்பக்குளம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் செய்தது. அவருடைய அம்மா சிறு வயது முதல் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். வெள்ளைத் துணியை நகத்தால் துளி துளியாகக் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சைப் பிரித்தால் கட்டின இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் போட்டதெல்லாம் சுங்குடி என்ற பெயரில் விற்கிற இந்தக் காலத்தில், கையால் முடிச்சுப் போடுகிற வீடுகள் குறைவு. அந்த வீட்டுப் பிள்ளை, பெட்டியின் பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் ஓர் இரும்புத் தகடு வைத்து, அம்மாவின் சேலைப் புள்ளிகளை ஓட்டைகளாகப் போடப் போகிறேன் என்றார். புள்ளி அழகுக்கும் ஆச்சு, காற்றுக்கும் ஆச்சு.

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சேலையிலிருந்து தாளில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தபோது எண்ணிப் பார்த்தோம்: 260 புள்ளி, ஒவ்வொன்றும் 6 மி.மீ. அகலம். உள்ளே 120 மி.மீ. ஃபேன் இரண்டு. அந்த ஃபேனின் வட்டப் பரப்பை 6 மி.மீ. ஓட்டைகளால் ஈடுகட்ட எத்தனை வேண்டும்? 120-ஐ 6-ஆல் வகுத்தால் 20. இருபதை இருபதால் பெருக்கினால் 400. இரண்டு ஃபேனுக்கு 800. அவர் கையில் இருந்தது 260. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன கதைதான். கடையில் விற்கிற கண்ணாடி முகப்புப் பெட்டிகள் பலவற்றிலும் இதே கோளாறு. முன்னால் அடைத்துவிட்டு ஓரத்தில் விரல் அகலச் சந்து விட்டிருப்பார்கள், அதற்குப் பின்னால் மூன்று ஃபேன் கலர் கலராகச் சுற்றும். பார்க்க ஜோராக இருக்கும்.

அவர் கோலத்தைத் திருப்பிப் போட்டு நெருக்கி, 820 புள்ளிக்குக் கொண்டுவந்தார். முதலில் லேசர் கட்டிங்கில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டி வாங்கினார். வரி பிசகாமல் வந்திருந்தது. அம்மாவிடம் காட்டியிருக்கிறார். "என்னடா இது, அச்சடிச்ச மாதிரி இருக்கு. முடிச்சுன்னா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். மறு ஞாயிறு நம் ஆள் தகடும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

நான்கு ஞாயிறு ஆனது. தாளைத் தகட்டின் மேல் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்து ஒரு தட்டு, குழி விழ. இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு போய்த் தகட்டில் கோடு இழுத்துவிடும். அடியில் மரக்கட்டை கொடுத்து, முதலில் 3 மி.மீ. பிட், அப்புறம் 6. மெல்லிய தகட்டில் பெரிய பிட்டை எடுத்த எடுப்பில் இறக்கினால் பிட் தகட்டைக் கவ்வித் தூக்கிச் சுழற்றும், விரல் போய்விடும். கடைசியாக ஒரு பெரிய பிட்டைக் கையாலேயே ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து ஒரு திருகு, பிசிறு எடுக்க. 820 ஓட்டைக்கும் அந்தத் திருகைத் திருகியதில் அவருடைய உள்ளங்கை காய்த்துப்போனது. அம்மாவின் விரல் நகம் ஏன் அப்படித் தேய்ந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். ஓட்டைகள் அரை மில்லி, கால் மில்லி இங்கும் அங்குமாக விலகித்தான் இருக்கின்றன. அரக்குக் கலர் அடித்து, பின்னால் வெள்ளை விளக்கு வைத்திருக்கிறார். இருட்டில் பார்த்தால் சாயம் ஏறாத புள்ளியேதான். தூசிக்கு, சன்னலில் அடிக்கிற கொசுவலையை வெட்டி உள்பக்கம் காந்தப் பட்டையால் ஒட்டியிருக்கிறார். ஒரே அறை, ஒரே கேம், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம்: பழைய முகப்பில் 83 டிகிரி காட்டிய பெட்டி, இதில் 74. அம்மா இந்த முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். நாங்கள் பதினைந்து பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை.

அடுத்தது பஸ் பெட்டி. இந்த உறுப்பினரின் அப்பா, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து டிரைவர், ஓய்வு பெற்றுவிட்டார். பெட்டிக்கு ஜன்னல் கம்பி, திருக்குறள் பலகை எல்லாம் உண்டு. ஆனால் பேச வேண்டியது அதன் பவர் சுவிட்சைப் பற்றித்தான். மதர்போர்டில் பவருக்கு இரண்டு பின் இருக்கும். அவற்றை ஒரு நொடி தொடவைத்தால் போதும், எந்த சுவிட்சும் ஆகும், காலிங் பெல் சுவிட்ச்கூட. இவர் ஒரு கயிறும் மணியும் கட்டி, இழுத்தால் மணியும் அடிக்கும், கம்ப்யூட்டரும் ஆன் ஆகும் என்று செய்தார். திறப்பு விழாவுக்கு அப்பாவையே கூப்பிட்டோம். அவர் கயிற்றைப் பிடித்து 'டிங் டிங்' என்று இரண்டு இழுப்பு இழுத்தார். முதல் இழுப்பில் ஆன் ஆனது, இரண்டாவதில் ஆஃப். மறுபடியும் அப்படியே. "அப்பா, ஒரு தடவை இழுங்க போதும்" என்று மகன் சொன்னதற்கு, "ஒரு மணின்னா நிப்பாட்டுறதுடா. அதுல எப்படி வண்டி கிளம்பும்?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதல் இழுப்பை மணிக்கு மட்டும் விட்டு, இரண்டாவதில் ஆன் ஆகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் செய்துகொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை.

என் பெட்டியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், மறைக்கக் கூடாது. அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் பச்சையில் செய்ய நினைத்து, புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். பவுடருக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகட்டில் ஒட்டவைத்து, அடுப்பில் ஏறக்குறைய 200 டிகிரியில் சுடுவார்கள். பெயின்ட் மாதிரி உரியாது. கொடுப்பதற்கு முன் ரப்பர் கால்களையும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் கழற்ற வேண்டும் என்று இதே மேடையில் மூன்று முறை சொன்னவன் நான். கழற்றவில்லை. ரப்பர் கால் நான்கும் அல்வா மாதிரி இறங்கிவிட்டன. அதைவிடப் பெரிய வேலை, மதர்போர்டின் பித்தளைக் கால்கள் இறங்குகிற ஒன்பது ஓட்டையிலும் மரைக்குள் பவுடர் புகுந்து கெட்டியாகிவிட்டது. ஒன்பதுக்கும் மரை வெட்டுகிற டேப்பை விட்டு மறுபடி மரை எடுத்தேன். கரன்ட்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் இடத்தில் எமரித் தாளால் பளபளவென்று சுரண்டினேன், ஏனென்றால் பெட்டிக்கு எர்த் கிடைப்பது அந்த வழியாகத்தான். பழைய திருகுகளை அந்த ஓட்டைகளில் முடுக்கிவிட்டுக் கொடுத்திருந்தால் மரைத் தொல்லையாவது இருந்திருக்காது. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை.

விளக்கு விஷயத்தில் இந்த வருடமும் ஒரு பலி. புது உறுப்பினர் ஒருவர், 5 வோல்ட் எல்.இ.டி. பட்டையை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நாலு பின் வயரில் நேராக இணைத்தார். அதில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12, கறுப்பு இரண்டும் எர்த். அவர் கை மஞ்சளுக்குப் போய்விட்டது. பட்டை முழுக்க ஒரு கணம் பளீரென்று எரிந்து, கருகிய வாடையோடு அணைந்தது. "மஞ்சள் மங்களகரம்னு தொட்டுட்டேன் அண்ணே" என்றார். ஆகவே அறையின் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரன்ட் தேங்கி நிற்கும்.

பெயின்ட் வேலையை ஆடியில் வைத்தது செயற்குழுவின் தவறு. அம்மியே பறக்கிற காற்றில் ஸ்பிரே பெயின்ட் எம்மாத்திரம்? மொட்டைமாடியில் அடித்த இரண்டு பெட்டிகளிலும் தெருப் புழுதி அப்பிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டன. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியும் லேசாக நீலம் பாய்ந்தது. வேட்டிக்கு ஈடு கொடுத்தாயிற்று, கணக்கில் இருக்கிறது. இனி பெயின்ட் வேலை மாசி, பங்குனியில் மட்டும்.

மேமாதச் சூட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, அறைக்காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. அறை பத்து டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய பத்து ஏறும். முன்னால் இழுத்து, பின்னாலும் மேலேயும் வெளியே விடுங்கள். இழுப்பது விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், தூசி சந்துபொந்தில் புகாமல் வலையில் தங்கும். வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

இப்போது அந்த எதிர்ப்பு ஓட்டு. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி. நவம்பரில் பெட்டி முழுக்க ஒரு ஜப்பான் கார்ட்டூன் பெண்ணை வினைல் ஒட்டிக்கொண்டு வந்தான். தீர்மானத்தை நினைவூட்டினேன். "அண்ணே, நான் எட்டாவதுல இருந்து தினமும் சாப்பிடும்போது பாக்குறது இதைத்தான். எங்க வீட்டுக்குள்ள இருந்துதானே எடுத்தேன்?" என்றான். தலைவரைப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால், வயர்களை அவ்வளவு சுத்தமாக, தலை பின்னின மாதிரிப் பின்னி இழுத்திருக்கிறான். எங்கள் யாருடைய பெட்டியிலும் அப்படி இல்லை. ஜனவரி முதல் வயரிங் வகுப்பை அவன்தான் எடுக்கிறான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பருத்திப்பால் செலவு ஏன் டிரில் பிட் செலவைவிடக் கூடுதல் என்ற கேள்வியை அவரிடமே கேளுங்கள். மாடி வாடகை ஏறவில்லை. கிரைண்டரை மதியம் இரண்டு முதல் நான்கு வரை போடக்கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார், அது அவர் தூங்குகிற நேரம். ஒரு நிற்கிற டிரில் மெஷின் வாங்க ஆளுக்கு 300 ரூபாய் கேட்கிறோம். 19 பேர் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியாக, சங்கத்தின் 20 மி.மீ. ஸ்டெப் பிட், ஓட்டையைப் படிப்படியாகப் பெரிதாக்குகிற அந்த டிரில் பிட், பிப்ரவரி முதல் காணவில்லை. நோட்டில் கையெழுத்துப் போடாமல் எடுத்துப்போனவர் இந்த அறையில்தான் இருக்கிறார். வடை கொடுக்கிற மேஜையில் ஒரு காலி டப்பா வைத்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது அதில் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்