குன்னூர் அத்தைக்கு, அந்தப் பெரிய ஸ்வெட்டர் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நீங்கள் எடுத்த போட்டோ பார்த்தேன். கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டு, "இதுக்குள்ள உங்க மாமாவும் வரலாம்" என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது. இரண்டு மாத வேலை அத்தை, அதுவும் சென்னையில், ஃபேனைப் போட்டால் இழை பறந்து மூக்கில் ஏறும், நிறுத்தினால் நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைப் பின்னாமல் ஆரம்பித்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். பின்னினேன். கோட்டை விட்டதே அதில்தான்.

அது மொஹேரும் பட்டும் கலந்த நூல். (முயல் முடியா என்று கேட்டீர்களே, இல்லை. அங்கோரா ஆட்டின் முடிதான் மொஹேர். அங்கோரா முயலின் முடிக்குத்தான் அங்கோரா என்று பெயர். யார் வைத்த குழப்பமோ!) 25 கிராம் கண்டில் 210 மீட்டர் ஓடும். நடுவில் இருக்கும் இழை தையல் நூலை விடக் கொஞ்சம்தான் தடிமன், மீதியெல்லாம் சுற்றி நிற்கும் முடி. அதனால்தான் இவ்வளவு மெல்லிய நூலை 5 மில்லிமீட்டர் ஊசியில் லூசாகப் பின்னுகிறோம். இடைவெளியை முடி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அதே முடி கண்ணியையும், அதாவது ஊசியில் போடும் ஒவ்வொரு வளையத்தையும், மறைத்துவிடுகிறது. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஸ்கேலை வைத்து எண்ணினேன். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று வந்தது. உங்களுக்கு 100 சென்டிமீட்டர் சுற்றளவு, ஆகவே 200 கண்ணி போட்டேன். உண்மையில் இருந்தது 18. புகைமூட்டத்துக்குள் ஒன்றிரண்டு இடத்தில், V போலத் தெரியும் ஒரே கண்ணியின் இரண்டு காலையும் இரண்டு கண்ணியாக எண்ணியிருக்கிறேன். 200 கண்ணியை 18 கணக்கில் பார்த்தால் 111 சென்டிமீட்டர். மாமாவுக்கு இடம் வந்தது அப்படித்தான்.

இந்த முறை கண்ணை நம்பவில்லை. 30 கண்ணி போட்டு, ஐந்தாவது கண்ணிக்குப் பிறகு ஒரு சிவப்பு பருத்தி நூல் துண்டைச் செருகினேன், அதிலிருந்து சரியாக 20 கண்ணி தள்ளி இன்னொன்று. வரிசை ஏற ஏற அந்த இரண்டு சிவப்பு நூலையும் கூடவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு மேலே கொண்டுபோனேன். பின்னி முடித்த பிறகு எண்ணவே வேண்டாம், சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தால் போதும். உயரத்துக்கும் அதே வேலைதான், பத்து வரிசைக்கு ஒரு நூல். ஓரத்திலிருந்து அளக்கவே கூடாது. துணி எங்கே முடிகிறது, முடி எங்கே முடிகிறது என்று தெரியாது. சந்தேகம் வந்தால் துண்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன், வெளிச்சத்தில் நடு இழை மட்டும் கோடாகத் தெரிகிறது.

அளப்பதற்கு முன்னால் துவைக்கவும் செய்தேன், போன முறை அதையும் சோம்பலில் விட்டுவிட்டேன். ஒரு சொட்டு ஷாம்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்து, டவலில் சுருட்டி அழுத்தி, இழுக்காமல் விரித்துக் காயவிட்டேன். காய்ந்ததும் ஒரு உதறு. 20 கண்ணி 11 சென்டிமீட்டருக்கு மேல் வந்தது, அதாவது 10 சென்டிமீட்டருக்கு 18. மனசு விட்டுப்போனாலும் கணக்கு ஒத்துப்போனது.

சரி, பழைய ஸ்வெட்டரை அனுப்பிவையுங்கள், பிரித்துப் பின்னுகிறேன். மொஹேரைப் பிரிப்பது சாதாரண வேலையில்லை, முடியும் முடியும் கட்டிப்பிடித்துக்கொண்டு வராது. பையில் போட்டு ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் பிடி தளர்கிறது. மாதிரித் துண்டை அப்படி வைத்ததற்கே, மீன் பக்கத்தில் ஸ்வெட்டரா என்று அம்மா ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டாள்.

உங்கள் உடம்பு அளவு எனக்கு வேண்டாம். மெரூன் ஸ்வெட்டர் ஒன்று உங்களுக்குக் கச்சிதமாக இருக்குமே, அதைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். டேப்பை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்