ரவுட்டருக்கு ஐடியா கொடுத்தவர் பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இன்டர்நெட் பிறந்த கதைன்னு ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அதுல அமெரிக்க கம்ப்யூட்டர் இன்ஜினியர் வெஸ்லி கிளார்க் பேரு ஒரு இடத்துலகூட இல்லாதது ரொம்ப வருத்தமா இருக்கு சார். 1967ல அமெரிக்காவுல ஆன் ஆர்பர்ங்கிற ஊர்ல நடந்த ஆராய்ச்சியாளர் மீட்டிங்குக்குப் போன இவர்தான், ஒவ்வொரு ஊர்லயும் இருக்குற பெரிய கம்ப்யூட்டர் தலையில நெட்வொர்க் வேலையையும் கட்டாதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு சின்ன கம்ப்யூட்டர் வைங்கன்னு இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டைத் திட்டமிட்ட லாரி ராபர்ட்ஸ்கிட்ட சொன்னார், அதுதான் ஐஎம்பி (IMP)ங்கிற மெஷின் ஆச்சு, இன்னைக்கு வீட்டுக்கு வீடு இருக்குற ரவுட்டருக்கு அதுதான் முன்னோடி.

அதுக்கு முன்னாடியே 1962ல லிங்க் (LINC)னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் செஞ்சிருந்தார். மூளை அலை, நரம்பு சிக்னல் எல்லாத்தையும் ஆராய்ச்சியாளர் தன் லேப்லயே திரையில பாத்து, குமிழைத் திருகி வேலை பண்ணலாம், கம்ப்யூட்டர் சென்டர்ல போய்க் காத்துக் கிடக்க வேண்டாம். 1963ல உயிரியல் ஆராய்ச்சியாளர்களே அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு வந்து தங்களோட மெஷினைத் தாங்களே அசெம்பிள் பண்ணி எடுத்துட்டுப் போனாங்க! நான் மூளை அலையைப் பதிவு பண்ற ஈஈஜி டெக்னீஷியன், தலையில ஒட்டுற எலக்ட்ரோட் ஒண்ணு லூசா இருந்தா திரையில அந்தக் கோடு மட்டும் தாறுமாறா ஓடும், பேஷண்ட் எழுந்திரிக்கிறதுக்குள்ள பேஸ்ட் வச்சு சரி பண்ணிடுவேன், அந்த வசதிக்கு வழி போட்டவங்கள்ல இவர் முக்கியமானவர். அடுத்த இணைப்புல லிங்க் மெஷின் போட்டோவோட இவரைப் பத்தி அரைப் பக்கமாவது எழுதுங்க.

— ஒரு வாசகர், மதுரை