பவானி ஆற்றின் தலைப்பகுதியிலும் பணம் போடுங்கள்: ஒரு திறந்த மடல்

நீர்வளத் துறை, வனத் துறை, மின் உற்பத்திக் கழகம், கோவை மாநகராட்சி ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குந்தாவில் மின்சாரம், பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர், பவானிசாகருக்குக் கீழே இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். இவற்றுக்கு வரும் தண்ணீரில் கணிசமான பகுதி நீலகிரி உச்சியின் புல்வெளிகளிலும் சோலைகள் எனப்படும் மலைக்காடுகளிலும் ஊறி இறங்குவது. அந்தப் புல்வெளிகளில் பாதிக்கு மேல் இன்று சீகையும் (வாட்டில் என்னும் அயல் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தேயிலையும் நிற்கின்றன. மரம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துவிட்டது. நீலகிரியின் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை உதகை மண், நீர்வள ஆய்வு மையம் பல ஆண்டுகள் அளந்தது. கற்பூர மரம் நட்ட பக்கத்தில் ஓடைநீர், நடாத பக்கத்தோடு ஒப்பிட, முதல் சுற்றில் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதமும் குறைந்தது.

அயல் தாவரங்களை அகற்ற 2022இல் அரசு கொள்கையே வகுத்துவிட்டது. வேலை கெடுவது மரம் வெட்டிய மறுநாளிலிருந்துதான். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கழித்த கிளைகளைக் குவித்து எரித்தால் அந்தச் சூட்டில் விதையின் கெட்டித் தோல் வெடித்து, அடுத்த மழைக்கு நாற்றங்கால் போல முளைத்து நிற்கும். ஆகவே எரிக்காமல், கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட வேண்டும், மண்ணும் நிற்கும். தூரைத் தரையோடு ஒட்ட அறுக்க வேண்டும். கன்று முழங்கால் உயரம் தாண்டுமுன், மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். விட்டுவிட்டால் அரிவாள் தேவைப்படும், கூலி பல மடங்காகும்.

செங்குத்தான சரிவை ஒரே மூச்சில் மொட்டையடிக்கக் கூடாது. பட்டை பட்டையாக வெட்டி, கோடை மழையோடு பக்கத்துப் புல்வெளியின் புல்தூர்களைப் பிரித்து ஓரடி இடைவெளியில் நட வேண்டும். தாமதித்தால் தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை அணைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய சீகைக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாக வளர்ந்திருந்தால் சீகையைச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்; நிழல் போனால் உறைபனி கன்றுகளைக் கருக்கிவிடும். திறந்த புல்வெளியில் மரக்கன்று நடும் விழாக்களை, தயவுசெய்து, நிறுத்துங்கள்.

மரத்தின் எடைக்கு விலை பேசும் டெண்டரில் இதற்கெல்லாம் இடமில்லை. ஒப்பந்ததாரர் பருத்த மரம் நிற்கும் சாலையோரச் சரிவுக்குத்தான் முதலில் போவார். ஓடைத் தலைப்பில் நிற்கும் மெலிந்த சீகை அப்படியே இருக்கும். களை எடுக்க மூன்றாம் ஆண்டு பணம் வராவிட்டால் முதலாண்டுச் செலவும் வீண்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறட்சியில் தத்தளித்த 2018இல் அங்கே இதற்கென்றே தனி நிதியம் தொடங்கப்பட்டது. அங்கும் எதிரிகளில் ஒன்று இதே சீகை. அந்நகரின் நீர்ப்பிடிப்புகளில் அயல் மரங்கள் ஆண்டுக்கு 5,500 கோடி லிட்டரைக் குடிப்பதாகக் கணக்கிட்டு, கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட மரம் அகற்றுவது பல மடங்கு மலிவு என்று கண்டார்கள்.

நாங்கள் கேட்பது இது. தண்ணீரால் பயன்பெறும் நீங்கள் நால்வரும் வருவாயில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியில் போடுங்கள். பத்தாண்டுக்கு உறுதி கொடுங்கள். அதில் பாதிக்கு மேல் களையெடுப்புக் கூலிக்கு என்று எழுதி வையுங்கள். அந்த வேலை மலைவாழ் மக்களின் குழுக்களுக்கே போகட்டும். சீரமைக்கும் ஓடை ஒன்றிலும், கைவைக்காத ஓடை ஒன்றிலும் நீரளவு மடை (ஓட்டத்தை அளக்கும் சிறு தடுப்பு) கட்டி, பிப்ரவரி, மார்ச் மாத ஓட்டத்தை வெளியிடுங்கள். முதல் மரத்தை வெட்டுமுன் குறைந்தது ஓராண்டு அளவு கையில் இருக்க வேண்டும். இந்த ஆண்டே மடை கட்டத் தொடங்குங்கள்.