நிறுவல் கையேட்டைத் திருத்துங்கள்: சர்வர் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வர் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை காலை நம் மருத்துவமனையின் ரிசல்ட் திரையில் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் வராமல் போனது உங்களுக்குத் தெரியும். சம்பவ அறிக்கையை எழுதியதே நீங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்த அறிக்கையில் இடம்பெறாததைச் சொல்லத்தான் இந்த மடல்.

காலை ஏழே முக்காலுக்கு நான் கீழே, ரத்தம் எடுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். ஒரு பாட்டி முந்தின நாள் மாலையே ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கிரியாட்டினின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார். கவுன்டரில் அவருடைய எண்ணைத் தட்டினால் 'பதிவு இல்லை' என்று வந்தது. "ரிப்போர்ட் ஏறலையே பாட்டிம்மா, இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்று அந்த நர்ஸம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. வலது கையில் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய ரிப்போர்ட் அந்த நேரத்தில் மூன்று பழைய நோடுகளிலும், அதாவது நம் டேட்டாபேஸைச் சேர்ந்து தாங்கும் சர்வர்களிலும், பத்திரமாக இருந்தது. முந்தின இரவு சேர்த்த நான்காவது நோடு மட்டும்தான் காலி. கவுன்டரில் தட்டிய கேள்வி அதனிடம் போய்விட்டது.

ஒன்பது நாற்பதுக்கு நான் அந்த நோடில் கசாண்ட்ரா டேட்டாபேஸை நிறுத்தியதும் எல்லா ரிப்போர்ட்டும் திரும்பி வந்தன. அறிக்கை இதை 'தற்காலிகத் தரவுக் கோளாறு' என்கிறது. காரணம் என்ற இடத்தில் 'பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்றிரவு நோடைச் சேர்த்த டிரெயினி தம்பி உங்கள் நிறுவல் கையேட்டை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். ஒவ்வொரு படியை முடித்ததும் பேனாவால் டிக் அடித்திருக்கிறார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு படிகூட விடுபடவில்லை. கையேடு சொன்னதை அப்படியே செய்ததால்தான் அந்த நோடு காலியாகச் சேர்ந்தது. கையேட்டைத் திருத்துங்கள் என்று கேட்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கையேடு முதலில் 'ஆப்ட் இன்ஸ்டால் கசாண்ட்ரா' என்ற நிறுவல் கட்டளையை அடிக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் யாமல் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் நோடுகளின் கூட்டம்) பெயர், சீட் (புது நோடு முதலில் தொடர்புகொள்ளும் நோடு) முகவரி எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது. ஆனால் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் வழக்கப்படி ஒரு சர்வீஸை நிறுவினால் அது உடனே ஓடவும் தொடங்கிவிடும். ரெட் ஹேட் குடும்பத்தில் அப்படி இல்லை. நாமே கிளப்பிவிட்டால்தான் ஓடும். ஒரு சாதாரண வெப் சர்வர் தானாக எழுந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, நிறுத்தி மாற்றி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். பல நோடுகள் சேர்ந்து இயங்கும் டேட்டாபேஸ் அப்படி இல்லை. முதல் தடவை எழுந்தபோது தான் யார் என்று முடிவு செய்ததை அது வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். கிளஸ்டரின் பெயர், டேட்டா சென்டரின் பெயர், டோக்கன்களின் (தரவில் எந்தப் பங்கு தன்னுடையது என்று குறிக்கும் எண்களின்) எண்ணிக்கை எல்லாம் அந்த முதல் சில வினாடிகளிலேயே பதிந்துவிடும். அப்போது யாமலில் இருப்பதோ, யாரும் தொடாத இயல்புநிலை: பெயர் 'டெஸ்ட் கிளஸ்டர்', சீட் 127.0.0.1. அதாவது தனக்குத் தானே சீட்.

அப்புறம் பெயரை மாற்றி மறுபடி தொடங்கினால் கசாண்ட்ரா எழ மறுக்கும். சேமித்த பெயர் டெஸ்ட் கிளஸ்டர், நீங்கள் தந்த பெயர் வேறு, இரண்டும் பொருந்தவில்லை என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த மறுப்பு ஒரு பாதுகாப்பு. சோதனைக்கு வைத்த நோடு ஒன்று நோயாளிகளின் தரவு இருக்கும் கிளஸ்டருக்குள் தவறி நுழையாமல் தடுப்பது அந்தப் பெயர்தான்.

இந்த இடத்தில் உங்கள் பத்தாவது படி என்ன சொல்கிறது? 'பிழை வந்தால் பழைய யாமலை வைத்து எழுப்பி, சிஸ்டம் லோக்கல் டேபிளில் பெயரை மட்டும் திருத்தி, மறுபடி தொடங்கவும்.' நோடு தன் அடையாளத்தை எழுதி வைத்துக்கொள்ளும் டேபிள் அது. பெயர் பொருந்திவிடும், நோடும் எழுந்துவிடும். ஆனால் அதே டேபிளில் இன்னொரு வரி இருக்கிறது: பூட்ஸ்டிராப் (பழைய நோடுகளிடமிருந்து தரவை வாங்கும் வேலை) 'முடிந்தது'. தனியாக எழுந்த அந்த முதல் சில வினாடிகளில் அது போட்டுக்கொண்ட குறிப்பு அது. அதைப் பார்த்ததும் நோடு, தான் ஏற்கெனவே தரவை வாங்கி முடித்ததாக எடுத்துக்கொள்ளும். பழைய நோடுகளிடம் ஒரு வரியும் கேட்காது. வெறுங்கையோடு வந்து, தன் பங்கு டோக்கன்களுக்குப் பொறுப்பேற்று உட்கார்ந்துவிடும்.

நோடுகளின் நிலையைக் காட்டும் 'நோடுடூல் ஸ்டேட்டஸ்' கட்டளை அதை 'யூஎன்' என்று காட்டும். நன்றாக ஓடுகிறது, இயல்பாக இருக்கிறது என்று பொருள். முறையாகச் சேரும் நோடு தரவை வாங்கி முடிக்கும் வரை 'யூஜே' (ஓடுகிறது, இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது) என்று நிற்க வேண்டும். அன்றிரவு அந்த இரண்டு எழுத்துகள் திரையில் வரவே இல்லை. பழைய மூன்றிலும் தலா 200 ஜிபிக்கு மேல் சுமை, புதியதில் சில நூறு கேபி. இதையெல்லாம் பார்க்கச் சொல்லி கையேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தம்பி பார்த்திருப்பார். 'யூஎன் வந்தால் பணி முடிந்தது' என்று இருந்தது. அவரும் டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் திரை ஒரே ஒரு பிரதியைக் கேட்டுப் படிக்கும்படி நாங்கள் வைத்திருந்தோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் உள்ள மூன்று பிரதிகளில் இரண்டைக் கேட்டிருந்தால் காலி நோடு இருந்தும் ரிப்போர்ட் வந்திருக்கும். அன்றே குவோரம் (பெரும்பான்மைப் பிரதிகளைக் கேட்பது) என்று மாற்றிவிட்டோம். எங்கள் தவறுக்கு நாங்கள் பொறுப்பு. ஆனால் மெமோ வந்தது ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் அந்தத் தம்பிக்கு மட்டும். கையேட்டை எழுதியவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நம்மிடம் எப்போதும் இப்படித்தான். கீபோர்டில் கடைசியாக யாருடைய கை இருந்ததோ அவர்மேல்தான் பழி. பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நிறுவுவது எடுபிடி வேலை, அதைப் புதுப் பையனிடம் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் மாறவே இல்லை.

கையேட்டின் மற்ற பக்கங்களும் பழசாகிவிட்டன. ரெப்போ (மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கும் இடம்) முகவரி இன்னும் பின்ட்ரே என்றே இருக்கிறது. அந்தச் சேவை 2021 மே 1-ஆம் தேதியே மூடப்பட்டது. பேக்கேஜ்களின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ரெப்போ சாவியை ஆப்ட்-கீ என்ற கட்டளை கொண்டு சேர்க்கச் சொல்கிறீர்கள். அது எப்போதோ கைவிடப்பட்டது. சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, எந்த ரெப்போவுக்கு எந்தச் சாவி என்று எழுதுவதுதான் இப்போதைய முறை. கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்றால் 'டிரஸ்டட்' என்று போட்டுக்கொள்ளவும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் சர்வரில் யார் செய்த பேக்கேஜ் என்று பார்க்காமல் ஏற்றச் சொல்லும் வரி அது. சரி, இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: யாமலை எழுதி முடிக்கும் வரை கசாண்ட்ரா தானாக எழக் கூடாது. இதற்குப் பணம் தேவையில்லை, புது மென்பொருளும் தேவையில்லை. டெபியனிலேயே பாலிசி-ஆர்சி-டி என்ற சின்ன ஸ்கிரிப்டுக்கு இடம் இருக்கிறது. ஒரு பேக்கேஜ் தன் சர்வீஸைக் கிளப்பும் முன் அதைக் கேட்கும். ஸ்கிரிப்ட் 101 என்று பதில் சொன்னால் சர்வீஸ் எழாது. எந்த சர்வீஸ் கேட்கிறது என்பதும் அதற்குத் தெரியும் என்பதால், கசாண்ட்ராவுக்கு மட்டும் 101, மற்றவற்றுக்கு 0 என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வரி வேலை. அதை சர்வர் இமேஜிலேயே (புது சர்வர்களை உருவாக்கும் மூலப் பிரதியிலேயே) வைத்துவிடுங்கள். ஒருவேளை புது நோடில் எழுந்தேவிட்டால் என்ன செய்வது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள்: நிறுத்து, அந்தப் புது நோடின் டேட்டா, கமிட் லாக், சேவ்டு கேஷஸ் கோப்புறைகள் மூன்றையும் காலி செய், யாமலை எழுது, பிறகு தொடங்கு. யூஜே வருகிறதா என்று பார். டேபிளில் பெயரைத் திருத்தும் பத்தாவது படியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பதின்மூன்றாவது படி, மறுநாள் பழைய நோடுகளில் கிளீனப் ஓட்டச் சொல்கிறது. புது நோடு பொறுப்பேற்ற தரவைப் பழைய நோடுகளிலிருந்து அழிக்கும் வேலை அது. அன்று அது ஓடியிருந்தால், அந்தத் தரவுக்கு மூன்று பிரதி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் மிஞ்சியிருக்கும். வியாழக்கிழமை மாலை ஐந்துக்கு அது அட்டவணையில் இருந்தது. நான் கையால் நிறுத்தினேன். அறிக்கையில் அதுவும் இல்லை.

ஐந்தாவது நோடு வரும் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சேர்க்கப்படுகிறது. வெள்ளி மாலைக்குள் திருத்திய கையேடும், அந்த ஸ்கிரிப்ட் உள்ள இமேஜும் கிடைத்தால் போதும். வரைவை நானே எழுதித் தருகிறேன், வேண்டுமானால் உங்கள் அறைக்கே வந்து உட்கார்ந்து செய்கிறேன். தம்பிக்குத் தந்த மெமோவைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். டிக் அடித்த அந்தத் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர்