பின்பால் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சிகாகோ புறநகர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பொறுமையாக உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். பின்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: சாய்ந்த மேசையில் உருளும் இரும்புப் பந்தை, ஃபிளிப்பர் எனும் சிறு துடுப்புகளால் அடித்து மேலே ஏற்றிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் இது.

போன பொதுக்குழுவில் "இந்த வருஷமாவது இன்னொரு மெஷின் வாங்குங்கள்" என்று பலரும் கேட்டீர்கள். வாங்கினோம், ஒன்றே ஒன்று. அதை ஓட வைப்பதற்குள் ஆண்டின் பாதி போய்விட்டது. அதனால் இந்த அறிக்கையில் கொண்டாட்டத்தைவிட சாலிடர் வாசனை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

வாங்கியது 1977இல் பேலி நிறுவனம் வெளியிட்ட 'எய்ட் பால்'. பில்லியர்ட்ஸ் மேசையை வைத்து அமைத்த ஆட்டம். ஒவ்வொரு ஆட்டக்காரரும் எந்தெந்த எண்களைச் சேர்த்தார் என்பதை மெஷினே தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளின் காலம் முடிந்து மின்னணுப் பலகைகள் வந்த புதிதில் இது பெரிய விஷயம். மொத்தம் 20,230 மெஷின்கள் தயாராயின. 1992இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270ஐ எட்டும்வரை விற்பனையில் இதை மிஞ்ச ஆளில்லை. நாற்பதே மெஷின் வித்தியாசத்தில் பட்டம் கைமாறியிருக்கிறது. இப்போது இரண்டும் நம் வட்டத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பதில் தலைவருக்கு உள்ள பெருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்கள் எல்லோரிடமும் அவரே சொல்லிவிடுகிறார்.

விற்றவர் போனில் "டிஸ்பிளேயில் சின்னக் கோளாறு, மற்றபடி ஜம்மென்று ஓடும்" என்றார். கொண்டுவந்து, மெஷினின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியைத் திறந்தால், முதன்மைப் பலகையின் ஓரத்தில் பச்சைப் பூ பூத்திருந்தது. அந்தக் காலத்து பேலி பலகைகளில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை நேரடியாகவே சாலிடர் செய்திருப்பார்கள். வயதானதும் அது கசியும். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். மெஷின் ஓடாமல் மூலையில் கிடந்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை; அரிப்பு தன் பாட்டுக்கு நடக்கும். வருடக்கணக்கில் "பத்திரமாக" வைத்திருந்த மெஷின்களைவிட, பாரில் போட்டு அடித்த மெஷின்கள் பல சமயம் நல்ல நிலையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழில்நுட்பக் குழுவினர் பேட்டரியை வெட்டி எடுத்தார்கள். அரித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் கலந்த வினிகரால் காரத்தை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார்கள். தேய்க்காமல் வெறும் வினிகர் ஊற்றி நிறுத்துகிறவர்கள் ஆறு மாதத்தில் அதே பலகையைத் திரும்பக் கழற்றுவார்கள்.

இந்தப் பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் கொடுத்ததும் ஒரு முறை மினுக்கி, அப்புறம் ஏழு முறை எரிந்து அணைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி சோதனையில் தேறியதற்கு அடையாளம். நம்முடையது முதலில் மினுக்கவே இல்லை, எரிந்தபடியே நின்றது. ரீசெட் பகுதியில் இருந்த ரெசிஸ்டர்களையும் டிரான்சிஸ்டர்களையும் மாற்றியதும் மினுக்கல் வந்தது. அதன்பின் இரண்டு முறை எரிந்து நின்றுவிட்டது. மூன்றாவது, 5101 என்ற நினைவகச் சில்லுக்கு உரியது. சில்லு நன்றாகத்தான் இருந்தது, அதன் சாக்கெட்டின் கால்கள்தான் கறுத்துப்போயிருந்தன. சாக்கெட்டை மாற்றினார்கள். சில்லுக்குப் பதிலாகவும் பேட்டரியே தேவைப்படாத நிலைநினைவகம் ஒன்றைப் பொருத்தினார்கள். ஏழாவது முறை விளக்கு எரிந்தபோது கராஜில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் இப்போது நம் உறுப்பினர்.

அடுத்து 'எல் டொராடோ'. 1975இல் காட்லீப் நிறுவனம் தயாரித்த, ஒருவர் மட்டும் ஆடும் மெஷின். எட் கிரின்ஸ்கியின் வடிவமைப்பு, கார்டன் மாரிசனின் ஓவியம். உள்ளே சில்லு என்று ஒன்று கிடையாது; ரிலேக்கள், படிப்படியாக நகரும் ஸ்டெப்பர்கள், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தச் சுழலும் ஒரு ஸ்கோர் மோட்டார், அவ்வளவுதான். இந்த ஆண்டு ஐநூறு புள்ளி விழ வேண்டிய இடத்தில் நானூறு விழுந்துகொண்டிருந்தது. ஸ்கோர் மோட்டாரின் ஒரு சுவிட்சில் தகடுகளின் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டதுதான் காரணம். தகட்டை ஒரு மயிரிழை வளைத்ததும் சரியாகிவிட்டது. கண்டுபிடிக்க மூன்று பேர் குனிந்து கிடந்த நேரத்தை இங்கே எழுதவில்லை.

இதையொட்டி எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். சுவிட்ச் தொடுமுனை அழுக்கானால் உடனே அரத்தை எடுக்காதீர்கள். ஃபிளிப்பரின் டங்ஸ்டன் முனைகள் அரம் தாங்கும். பழைய மெஷின்களின் வெள்ளி முனைகளுக்கு மெல்லிய தேய்ப்புத் தகடு போதும். 'எய்ட் பால்' போன்றவற்றில் ஆடுதளத்துச் சுவிட்சுகளுக்குத் தங்கப்பூச்சு. அரம் பட்டால் பூச்சு போயிற்று. ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தாலே அழுக்கு வந்துவிடும். அப்புறம், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்தவர் யாரென்று குழு விசாரிக்கவில்லை. பொறி பறக்கும் இடத்தில் தீப்பற்றும் எண்ணெய் வேண்டாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

சாய்வு பற்றிய சண்டை இந்த ஆண்டும் ஓயவில்லை. காட்லீப் இந்த வகை மெஷின்களுக்குச் சொன்னது மூன்றரை டிகிரி. புது மெஷின்களில் பழகியவர்கள் ஆறரை டிகிரிக்குத் தூக்கி வைக்கிறார்கள், "பந்து விறுவிறுவென்று வருகிறது" என்று. வரத்தான் செய்யும். ஆனால் பழைய ஃபிளிப்பருக்கு அதை மேலே ஏற்றத் தெம்பில்லை. பின்கால்களை மறுபடி இறக்கி ரசமட்டம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இனி யாரும் கை வைக்க வேண்டாம்.

எல்இடி பல்பு விவகாரம் இரண்டு செயற்குழுக் கூட்டங்களை விழுங்கியது. பழைய 44ஆம் எண் பல்பு 250 மில்லியாம்ப் எடுக்கும். அந்தச் சூட்டில், தலைப்பெட்டியின் முகப்பில் ஓவியம் தீட்டியிருக்கும் பின்கண்ணாடியின் வண்ணம் செதில் செதிலாக உரியும். உரிந்தால் மாரிசனின் ஓவியத்தைத் திரும்ப வரைய ஆளில்லை. மறுபக்கம், ஆடுதளத்தில் எல்இடி போட்டால் மளிகைக்கடை ஃப்ரிட்ஜ் போல வெளுத்துக் கிடக்கிறது என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். முடிவு: தலைப்பெட்டிக்குள் எல்இடி, ஆடுதளத்தில் 150 மில்லியாம்ப் மட்டும் எடுக்கும் 47ஆம் எண் பல்பு. இரு தரப்புக்கும் திருப்தியில்லை என்பதால் சரியான முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

'ஆடம்ஸ் ஃபேமிலி'க்கு ரப்பர் வளையங்கள் மாற்றி, ஃபிளிப்பர் காயில்களின் ஸ்லீவ்களைப் புதுப்பித்து, கார்னோபா மெழுகு பூசினோம். பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்து பந்தைக் கவ்விப்போகும் இடத்துக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கை நலம்.

மழைக்காலத்தில், மெஷின்களை வைத்திருக்கும் உறுப்பினர் வீட்டு பேஸ்மென்டில், ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்று தண்ணீர் ஏறியது. மெஷின்கள் கால்களின் மேல் நின்றதால் பிழைத்தன. கால் கழற்றித் தரையில் கிடத்தியிருந்த உதிரிப் பெட்டி ஒன்று ஊதிப்போய்விட்டது. மாற்று பேட்டரியோடு கூடிய பம்ப் வாங்க செயற்குழு ஒப்புதல் தந்துள்ளது.

மாதாந்திர ஆட்ட மாலைகள் குறையின்றி நடந்தன. உறுப்பினர் ஒருவரின் தாயார் கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். முதலில் "இதென்ன, இரும்புக் குண்டை உருட்டிக்கொண்டு" என்றவர், இரண்டாம் வாரம் 'எல் டொராடோ'வில் அன்றைய அதிகப் புள்ளியை எடுத்தார். இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அடிக்காமல், பந்து வரும்வரை காத்திருந்து ஒன்றை மட்டும் அடிப்பது அவருக்கு இயல்பாக வந்தது. நம்மில் பலருக்கு அது இன்னும் வரவில்லை. ஊருக்குப் போனபின்னும் தன் புள்ளியை யாராவது தாண்டிவிட்டார்களா என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபரில், 1985 முதல் நடந்துவரும் பின்பால் எக்ஸ்போ கண்காட்சிக்கு ஷாம்பர்க் போனோம். திரும்பும் வழியில் சிலர் நகருக்குள் சென்று காட்லீப் இருந்த கோஸ்ட்னர் அவென்யூ, பேலி இருந்த பெல்மான்ட், வில்லியம்ஸ் இருந்த கலிஃபோர்னியா அவென்யூ ஆகிய தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மூன்றும் ஒரே ஊரில். உலகத்துக்கே மெஷின் செய்து அனுப்பிய சிகாகோ, தன் எல்லைக்குள் அதை ஆட 1970கள் வரை தடை போட்டிருந்தது என்பதைப் பிள்ளைகள் நம்பவே இல்லை. சூதாட்டம், அதிர்ஷ்டம் என்பதுதான் அன்றைய குற்றச்சாட்டு. 1947இல் காட்லீபின் 'ஹம்ப்டி டம்ப்டி' ஆறு ஃபிளிப்பர்களோடு வந்தபோதே ஆட்டத்தில் கைத்திறன் புகுந்துவிட்டது; சட்டத்துக்கு அது தெரிய இன்னும் முப்பது வருடம் ஆனது. இதே தடை இருந்த நியூயார்க்கில், அதை நீக்குவதற்காக 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர், பந்து எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்து விட்டு நகரசபையினருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உதிரிபாகச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்க நினைப்பவர்கள் மேலே எழுதியதை ஒரு முறை படித்துவிட்டுக் கேட்கவும். இன்னொரு மெஷின் வாங்கும் தீர்மானம் வந்தால், சாலிடர் பிடிக்கத் தெரிந்த இருவராவது தொழில்நுட்பக் குழுவுக்குப் பெயர் கொடுத்த பிறகே அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

வீட்டில் 1990களின் வில்லியம்ஸ், பேலி மெஷின்கள் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே தலைப்பெட்டியைத் திறந்து, பலகையில் உள்ள மூன்று ஏஏ பேட்டரிகளைப் பாருங்கள். எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் கழற்றிவிடுங்கள். பேட்டரியைப் பலகையை விட்டு வெளியே வைக்கும் தாங்கிகள் என்னிடம் இருக்கின்றன. அடக்க விலைக்கே தருகிறேன்.

நன்றி.
செயலாளர்