டிஸ்க்கை லேத்துல குடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

நம்ம ஒர்க் ஷாப்புக்கு வண்டி விடுற எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் வருது, அதுவும் பழைய பல்சர், சிபிஸீ, கரிஸ்மா பைக் வச்சிருக்கறவங்கதான் நிறைய கேக்குறீங்க, முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் பள்ளம் விழுந்து கோடு கோடா இருக்கு, எதுக்குங்க புதுசு, லேத்துல குடுத்து ரெண்டு பக்கமும் ஒரு கட் எடுத்துட்டா ஆகாதான்னு. கோயமுத்தூர்ல எங்க திரும்பினாலும் லேத் பட்டறை, அப்படித் தோணுறது நியாயந்தான். ஆனா நாங்க அத செய்யறதில்ல.

கார் டிஸ்க் வார்ப்பிரும்புங்க, நல்ல கனமா இருக்கும், கொஞ்சம் சீவினாலும் தாங்கும். பைக் டிஸ்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, நம்ம வண்டி பலதுலயும் புதுசுலயே 4 எம்எம் தான், எல்லை பெரும்பாலும் 3.5. ஆக தேயறதுக்குன்னு குடுத்ததே அரை எம்எம், பக்கத்துக்குக் கால் எம்எம். டிஸ்க்கோட உள்வட்டத்துல பொடி எழுத்துல மினிமம் திக்னஸ்னு நம்பர் அடிச்சிருக்கும், அழுக்கத் தொடச்சுட்டுப் பாருங்க, உங்க வண்டிக்கு அதுதான் கணக்கு. நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் விழுந்த டிஸ்க்ல சீவ என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க? போதாததுக்கு மெல்லிசு தகட லேத்தோட சக்குல (புடிச்சு சுத்தற தாடையில) புடிச்சு ஓட்டினா அதிரும், டூல் துள்ளும், போனப்ப இருந்ததவிட மேடு பள்ளமாத் திரும்பி வரும். சாணைக்கல்லால தேய்க்கற சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டா மட்டம் நல்லா வரும், ஒத்துக்கறேன், ஆனா கனம் குறையறது குறையறதுதானே.

இன்னொண்ணு, வெர்னியர் வச்சு நீங்களே அளந்துட்டு வந்து நல்லாத்தான் இருக்குன்னு சண்டைக்கு நிக்காதீங்க. டிஸ்க்கோட வெளி ஓரத்துல பேட் (டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வுற பிரேக் கட்டை) படாம தேயாத விளிம்பு ஒண்ணு நிக்கும், வெர்னியர் தாடை அது மேலதான் உக்காரும். போன வாரம் வந்த வண்டியில வெர்னியர் 3.9 காட்டுச்சு, உள்ள மைக்ரோமீட்டர் வச்சு சுத்தி நாலஞ்சு எடத்துல பாத்தா 3.2.

தேஞ்சா என்ன, பிரேக் புடிக்குதேன்னு சில பேர் சொல்றீங்க. டவுனுக்குள்ள புடிக்கும். வால்பாறையில இருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, டபுள்ஸ் வச்சுட்டு எறங்கறப்ப சூட்ட வாங்கிக்க இரும்பு வேணும்ல, மெல்லிசானது சீக்கிரம் காயும், வளையும், ஓட்டைக்கு ஓட்டை விரிசல் விடும். பேடும் தேஞ்சிருந்தா காலிப்பர்ல (பேட புடிச்சு வச்சிருக்கற பாகம்) பேட தள்ளற பிஸ்டன் அளவுக்கு மீறி வெளிய வந்து நிக்கும், பிஸ்டன் ஓரத்துல இருக்கற துருவும் மண்ணும் சீல அரிச்சு ஆயில் கசிஞ்சா அப்புறம் லிவர் கையோட வந்துரும். பழைய வண்டியில பிரேக் புடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ்ஸும் கெடையாது, 125 சிசிக்கு மேல விக்கற எல்லா புது வண்டிக்கும் அது கட்டாயமானதே 2019 ஏப்ரல்ல இருந்துதான்.

அதுக்காக பிரேக் புடிக்கறப்ப லிவர் துடிக்குதுன்னு வந்தவுடனே டிஸ்க்க மாத்து மாத்துன்னு சொல்ல மாட்டோம். பேட் பொடி திட்டுத் திட்டா ஒட்டியிருந்தாலும் துடிக்கும், எமரி பேப்பர் போட்டுத் தேச்சா சரியாயிரும். வீல் பேரிங் ஆட்டம், டிஸ்க் உக்கார்ற எடத்துல துரு, காலிப்பர் பின் இறுக்கம், இதெல்லாம் பாத்துட்டு டயல் கேஜ் (ஆட்டத்த அளக்கற கருவி) வச்சு டிஸ்க்க சுத்துவோம், 0.3 எம்எம்முக்கு மேல ஆடினாத்தான் டிஸ்க் மேல பழி. லிவர் மெத்து மெத்துன்னு இருந்தா அது காத்து, இல்லன்னா வருசக்கணக்கா மாத்தாத பிரேக் ஆயில்.

புது டிஸ்க் போட்டா பேடும் புதுசுதான், இதுல பேரம் வேண்டாங்க. பழைய பேட் பழைய பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி தேஞ்சிருக்கும், புதுசு மேல முழுசா உக்காராது. டிஸ்க்ல துரு புடிக்காம தடவி வர்ற எண்ணெய நாங்க கழுவித்தான் மாட்டுவோம், முதல் 200, 300 கிலோமீட்டர் நீங்க அழுத்திப் புடிக்காம ஓட்டிக்கோங்க. பழைய மாடலுக்கு ஒரிஜினல் கெடைக்கறது கஷ்டம், வெளி மார்க்கெட் சாமான்னா விட்டமும் போல்ட் ஓட்டையும் ஒத்துப் பாத்துட்டுத்தான் வாங்குவோம், பழைய மார்க்கெட்ல கழட்டின டிஸ்க்க நீங்களே வாங்கிட்டு வந்தாலும் சரி, அளந்து தேறினா மாட்டித் தர்றோம்.

வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சு மாடலும் வருசமும் சொல்லிருங்க, சாமான் கடையில கேட்டு வச்சர்றோம்.