நடந்து முடிஞ்சத போடுறீங்க, நடக்கப்போறதையும் முன்கூட்டியே போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டெல்டா மாவட்டத்துல ஒரு அரசு கலைக் கல்லூரில இயற்பியல் துறையில கௌரவ விரிவுரையாளரா வேலை பாக்குறேன். உங்க பேப்பர் எங்க காலேஜ் லைப்ரரிக்கும் வருது, பொண்ணுங்க ஹாஸ்டலுக்கும் வருது, சாயங்காலத்துக்குள்ள அது கசங்கி நாலா கிழிஞ்சு போற அளவுக்கு பசங்க படிக்கிறாங்க. அந்த உரிமையில ஒரு கோரிக்கை வைக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமைன்னா ரொம்ப நல்லது, காலேஜ் பசங்களுக்குன்னு அரைப் பக்கம் ஒதுக்குங்க. வர்ற வாரங்கள்ல எந்த அப்ளிகேஷன் ஓப்பன் ஆகுது, எதுக்கு கடைசி தேதி நெருங்குது, எங்க இலவச லெக்சர் இருக்கு, எங்க வேலைவாய்ப்பு முகாம் நடக்குது, யார் போடலாம், எவ்வளவு கட்டணும், என்ன சர்டிபிகேட் தயாரா இருக்கணும், இவ்வளவு இருந்தா போதும்.

இப்ப மாவட்டப் பக்கத்த எடுத்துக்கோங்க. "கருத்தரங்கம் நடைபெற்றது", "மாணவிக்கு பாராட்டு", "பயிற்சி முகாம் நிறைவு" இப்படித்தான் செய்தி வருது, சால்வையோட ஒரு போட்டோ, பக்கத்துல பத்து பேர் பேரு. சந்தோஷமான செய்திதான், குறை சொல்லல. ஆனா எங்க பசங்க அத படிச்சிட்டு வந்து "மேம், இதுக்கு நாமளும் போட்டிருக்கலாமா"ன்னு கேக்குறப்ப என்ன பதில் சொல்றது, அது முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. "இன்றைய நிகழ்ச்சிகள்"னு ஒரு பகுதி வருது, அதுல கும்பாபிஷேகம், பட்டிமன்றம், நூல் வெளியீடு எல்லாம் இருக்கும், நல்ல பகுதி, ஆனா அது அன்னைக்கு காலையில வர்றது. காலைல பேப்பர் பாத்து திருச்சில பத்து மணிக்கு ஒரு இலவச பயிற்சி இருக்குன்னு தெரிஞ்சா, கிராமத்துல இருந்து முதல் பஸ்ஸ புடிச்சு டவுனுக்கு வந்து அங்கருந்து வேற பஸ் மாறி போறதுக்குள்ள மதிய சாப்பாடு போட்டிருப்பாங்க. அதுவும் பொண்ணுங்கன்னா முந்தின நாளே வீட்ல சொல்லி வைக்கணும், திரும்பி வர கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு பாக்கணும். ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சாதான் இதெல்லாம் நடக்கும்.

ஒரு வாரமே பத்தாத விஷயங்களும் இருக்கு, அதப்பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். பெங்களூர்ல இருக்கிற இந்திய அறிவியல் அகாடமியும் டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கிற இன்னும் ரெண்டு அறிவியல் அகாடமிகளும் சேந்து வருஷா வருஷம் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் ஒண்ணு நடத்துறாங்க. செலக்ட் ஆனா ரெண்டு மாசம் ஐஐடிலயோ, ஐசர்னு சொல்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்துலயோ, தேசிய ஆய்வுக்கூடத்துலயோ ஒரு விஞ்ஞானி கூட இருந்து வேலை பாக்கலாம், மாசம் உதவித்தொகை தர்றாங்க, ரயில் செலவும் தர்றாங்க. எங்க காலேஜ் மாதிரி இடத்துல படிக்கிற பி.எஸ்சி. பசங்களும் போடலாம், காலேஜ் வாத்தியாருங்களும் போடலாம். கோடைக்காலத்துல நடக்குறதுக்கு அப்ளிகேஷன் போட வேண்டியது முந்தின வருஷ கடைசியிலயே, நவம்பர் வாக்குல. மார்க் விவரம் மட்டும் போதாது, என்ன கத்துக்க ஆசப்படுறேன்னு சொந்தமா சின்னதா எழுதணும், ஒரு ஆசிரியர் சிபாரிசுக் கடிதம் தரணும். எங்க டிபார்ட்மென்ட்ல நல்லா படிக்கிற ஒரு பொண்ணுக்கு இது மார்ச் மாசம்தான் தெரிய வந்துச்சு, எப்படின்னா வேற ஊர் காலேஜ்ல படிக்கிற அவ சித்தி பொண்ணு தான் செலக்ட் ஆயிட்டேன்னு ஸ்டேட்டஸ் வெச்சத பாத்து. லேப்ல ஆசிலோஸ்கோப்ப யாரும் சொல்லித்தராமயே மேனுவல படிச்சு செட் பண்ணுன பொண்ணு அது. அப்ப மூணாம் வருஷம் கடைசி செமஸ்டர், அடுத்த தடவ பாத்துக்கலாம்னு சொல்லக்கூட வழி இல்ல.

இதே மாதிரிதான் ஐஐடி மெட்ராஸ் சம்மர் ஃபெலோஷிப், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல இயற்பியல் வேதியியல் பசங்களுக்கு நடத்துற கோடைப் பயிற்சி, தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல கோடைல வர்ற வாய்ப்புங்க, எல்லாமே கோடைக்கு சில மாசம் முன்னாடியே அப்ளிகேஷன் முடிஞ்சு போற விஷயங்கள். ஐஐடி மாதிரி இடத்துல முதுகலை படிக்கணும்னு ஆசப்படுற பி.எஸ்சி. பசங்களுக்கு ஜாம்னு ஒரு நுழைவுத்தேர்வு இருக்கு, அது நடக்குறது பிப்ரவரி, ஆனா பதிவு பண்ண வேண்டியது செப்டம்பர், அக்டோபர்ல. ஜனவரில கேள்விப்பட்டா ஒரு வருஷம் சும்மா உக்காரணும், எங்க பசங்க வீட்ல ஒரு வருஷம் சும்மா உக்காந்தா அப்புறம் காலேஜ் பக்கமே அனுப்ப மாட்டாங்க, திருப்பூருக்கு அனுப்பிடுவாங்க, இல்ல கல்யாணம் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

எல்லாரும் கையில போன் வெச்சிருக்காங்களே, தேடி பாத்துக்க வேண்டியதுதானேன்னு சிலபேர் சொல்றாங்க. என்னன்னு தேடுவாங்க? இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாதான பேரப் போட்டு தேட முடியும். வீட்ல மொத மொதல்ல காலேஜுக்கு வந்த பிள்ளைக்கு இந்த பேர சொல்றதுக்கு அண்ணனோ மாமாவோ கிடையாது. நாங்க ஆசிரியர்கள் சொல்றோம், ஆனா எங்களுக்கும் எல்லாம் தெரியாது, நான் இயற்பியல்ல இருக்கிறதால ஃபெலோஷிப்ப பத்தி தெரியுது, காமர்ஸ் பசங்களுக்கு என்ன இருக்குன்னு எனக்கு எப்படி தெரியும். காலேஜ் நோட்டீஸ் போர்டுன்னு கண்ணாடிக் கதவு போட்டு பூட்டி வெச்சிருக்காங்க, சாவி ஆபீஸ்ல இருக்கும், சாவி வெச்சிருக்கவர் லீவுன்னா சர்க்குலர் மேஜை மேலயே கிடக்கும், ஒட்டும்போது கடைசி தேதிக்கு ரெண்டு நாள் இருக்கும், சில நேரம் தேதியே தாண்டியிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்ல வர்றத நினைச்சாலே பயமா இருக்கு. "பிரதமர் லேப்டாப் திட்டம், உடனே பதிவு செய்யவும்", "ஸ்காலர்ஷிப் 50,000, பதிவுக் கட்டணம் மட்டும் 499" இப்படி லிங்க் வந்துகிட்டே இருக்கு, பசங்க ஆதார் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் அதுல போட்டுடறாங்க. உண்மையான ஸ்காலர்ஷிப்புக்கு மத்திய அரசோட தேசிய உதவித்தொகை போர்ட்டல்ல காசே வாங்குறது இல்ல. பிளஸ் டூல நல்ல மார்க் எடுத்து, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா டிகிரி படிக்கிற மூணு வருஷமும் வருஷத்துக்கு 12,000 ரூபாய் தர்ற திட்டம் அதுல இருக்கு. கெடச்சாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், மொத வருஷம் வாங்கிட்டு ரெண்டாம் வருஷம் புதுப்பிக்க மறந்து விட்டவங்க இருக்காங்க. இன்ஜினியரிங், டிப்ளமோ சேர்ற பொண்ணுங்களுக்கு பிரகதின்னு ஒரு திட்டம், வருஷத்துக்கு 50,000 ரூபாய். பெரிய காசு சார். பாலிடெக்னிக்ல பொண்ண சேத்த எத்தன அப்பாவுக்கு இந்த பேரு தெரியும்?

இதுக்கெல்லாம் வருமானச் சான்று வேணும், சாதிச் சான்று வேணும், முதல் பட்டதாரி சான்று சில இடத்துல கேப்பாங்க. இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டி போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போயி கைக்கு வர நாள் ஆகும், வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், போன வருஷத்தது உதவாது. பேங்க் கணக்குல ஆதார் இணைச்சிருக்கணும், இல்லன்னா காசு வந்து சேராது. அதனாலதான் கடைசி தேதிய மட்டும் போட்டா போதாது, "இதுக்கு இந்த சான்று வேணும், இப்பவே அப்ளை பண்ணி வைங்க"ன்னு ஒரு மாசம் முன்னாடி ஒரு வரி வரணும்னு சொல்றேன். ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி சான்று வாங்குறதுக்காக ஊருக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைஞ்சே அட்டெண்டன்ஸ இழந்தா.

காலேஜே முன்னாடி வந்து செய்ய வேண்டியதும் இருக்கு. நிஜப் பிரச்சினைகளுக்கு தொழில்நுட்பத்தால தீர்வு கண்டுபிடிக்கிற மத்திய அரசு போட்டி, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், 2017ல இருந்து நடக்குது. ஆறு பேர் கொண்ட டீம், அதுல குறைஞ்சது ஒரு பொண்ணு இருக்கணும். பசங்களா நேரா போயி சேர முடியாது, காலேஜ் சார்புல ஒரு பொறுப்பாசிரியர் பதிவு பண்ணி, காலேஜுக்குள்ள ஒரு போட்டி நடத்தி, அதுல தேர்ந்த டீம அனுப்பணும். பொறுப்பாசிரியர் இல்லன்னா பசங்க எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும் கதவு திறக்காது. உங்க பேப்பர்ல "இந்த மாசத்துக்குள்ள உங்க கல்லூரி பதிவு செய்ய வேண்டும்"னு ஒரு வரி வந்தா அத கத்தரிச்சு எடுத்துகிட்டு போயி பிரின்சிபால் மேஜைல பசங்களே வைப்பாங்க. ஒரு மாணவன் வாய்ல சொல்றதுக்கும் பேப்பர் கட்டிங் காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

நான் இவ்வளவு தூரம் பேப்பர்லதான் வரணும்னு கேக்குறதுக்கு முக்கியமான காரணமும் இதுதான். எங்க பொண்ணுங்கள்ல பல பேருக்கு தகவல் கிடைச்சாலும் அனுமதி கிடைக்கிறது இல்ல. ரெண்டு மாசம் பெங்களூர்ல தங்கி ஆராய்ச்சி பண்ணணும்னு சொன்னா எந்த அப்பா சட்டுனு சரின்னு சொல்வாரு, யாரு நடத்துறா, ஏமாத்து வேலையா இருக்கப்போவுது, காசு குடுத்து கூப்பிடுறானா, அப்படின்னா எதுக்குன்னு கேப்பாரு, அவர் கேக்குறதுல தப்பே இல்ல. நான் போன் பண்ணி பேசினாலும் பாதிதான் நம்புவாரு. ஆனா டீக்கடையில அவரே படிக்கிற பேப்பர்ல, அரசு நிறுவனம் நடத்துது, தங்குற இடம் இப்படி, உதவித்தொகை இவ்வளவுன்னு வந்திருந்தா, "பேப்பர்லயே போட்டிருக்கான்பா"ன்னு அவரே நாலு பேர்கிட்ட சொல்வாரு. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருதுன்னு 2022ல ஆரம்பிச்சப்பவே எந்த குக்கிராமத்துலயும் தெரிஞ்சிருந்துச்சு, தமிழ்ப்புதல்வன் 2024ல வந்தப்பவும் அப்படித்தான், பேப்பர்லயும் டிவிலயும் திரும்பத் திரும்ப வந்துச்சு, வயக்காட்டுல வேலை பாக்குற அம்மாக்கள் கூட "எம்பொண்ணுக்கு வரும்ல"ன்னு விசாரிச்சாங்க. அந்த வெளிச்சத்துல கொஞ்சம் மத்த வாய்ப்புங்க மேலயும் விழட்டும்.

இப்ப செமஸ்டர் தொடங்குற நேரம், இந்த வாரமே போடக்கூடிய செய்தி ஒண்ணு சொல்றேன். ஐஐடிக்கள் சேந்து நடத்துற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸுகளுக்கு ஜூலை செமஸ்டர் சேர்க்கை நடக்குது. சேர, வீடியோ பாக்க, படிக்க காசு கிடையாது, பரீட்சை எழுதி சர்டிபிகேட் வேணும்னாதான் 1000 ரூபாய். வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு, அதுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75. காலேஜ் ஒத்துக்கிட்டா இந்த மார்க் டிகிரி கிரெடிட்லயும் சேரும், யுஜிசி ஒரு செமஸ்டர்ல 40 சதவீத பாடம் வரைக்கும் இப்படி ஆன்லைன்ல படிக்க 2021லயே அனுமதி குடுத்தாச்சு. எங்க ஊர்ல நாலாவது வாரம்தான் இந்த பேச்சு வரும், அதுக்குள்ள சேர்க்கை முடிஞ்சிருக்கும்.

சென்னையில இருக்கிறவங்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொற்பொழிவு, தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல ஆய்வுரைன்னு இருக்கு, மதுரைக்கு 2023ல இருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. எங்க பக்கத்துக்கும் இருக்கு சார், தெரியல அவ்வளவுதான். செப்டம்பர் 26, மத்திய அரசு ஆய்வுக்கூடங்கள நடத்துற சிஎஸ்ஐஆரோட நிறுவன நாள், அத ஒட்டி காரைக்குடில இருக்கிற அதோட மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரில ஆய்வுக்கூடத்த பொதுமக்கள், மாணவர்கள் பாக்க திறந்து விடுவாங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம் மூலமா டிஎன்பிஎஸ்சிக்கு இலவச பயிற்சி நடக்குது, மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்குது. அதனால மாவட்ட வாரியா பிரிச்சு போடுங்க. சென்னை விவரம் மட்டும் போட்டா எங்களுக்கு அது வேடிக்கதான்.

போடும்போது சில விஷயத்த மட்டும் விடாம போடுங்க. கட்டணம் உண்டா இல்லையா, பசங்க தங்க இடம் தருவாங்களா, கலைக் கல்லூரி பசங்க போடலாமா இல்ல இன்ஜினியரிங்குக்கு மட்டுமா, தமிழ்ல எழுதலாமா, நிறுவனத்தோட அதிகாரப்பூர்வ வெப்சைட் முகவரி என்ன. இந்த கடைசி விவரம் இருந்தா 499 ரூபாய் கும்பல்கிட்ட ஏமாறுறது பாதி குறையும். ஒரு கோச்சிங் சென்டரோட விளம்பரம் இந்த பகுதிக்குள்ள செய்தி மாதிரி வரக்கூடாது, அது நீங்க கண்டிப்பா பாத்துக்கணும், ஒரு தடவ வந்துட்டா அந்த அப்பாக்கள் நம்பிக்கை போயிடும்.

ஆள் பற்றாக்குறைன்னு நீங்க சொல்லலாம், நியாயம்தான். ஒவ்வொரு மாவட்டத்துலயும் எங்கள மாதிரி ஆர்வமா இருக்கிற ஆசிரியருங்க, லைப்ரரியன்கள், என்.எஸ்.எஸ். அலுவலர்கள் இருக்காங்க, கேட்டா வியாழக்கிழமைக்குள்ள அவங்கவங்க ஊர் விவரத்த அனுப்பி வைப்பாங்க, நீங்க சரிபாத்து போட்டா போதும். இயற்பியல், வேதியியல், கணிதம் சம்பந்தப்பட்ட ஃபெலோஷிப், நுழைவுத்தேர்வு எல்லாத்தையும் மாச வாரியா எழுதி இந்த கடிதத்தோட தனி தாள்ல இணைச்சிருக்கேன், தேதி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், அதனால மாசம் மட்டும் குறிச்சிருக்கேன், அந்தந்த நிறுவனத்தோட அறிவிப்ப பாத்து தேதி போட்டுக்கோங்க. ஆகஸ்ட் வரிசையில இன்ஜினியரிங், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு பதிவு மொதல்ல இருக்கு, மூணாம் வருஷ இன்ஜினியரிங் பசங்களும் எழுதலாம்ங்கிறத அதுல சேத்து போடுங்க.

இப்படிக்கு,
கௌரவ விரிவுரையாளர், இயற்பியல் துறை,
டெல்டா மாவட்ட அரசு கலைக் கல்லூரி ஒன்றிலிருந்து